கைப்பை வரிசையில் யார் எங்கே: பெயருக்கா, தோலுக்கா?

சேர்த்து வைத்த பணத்தில் ஒரே ஒரு நல்ல கைப்பை வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஷனெல் வாங்கலாமா, லூயி வியுட்டான் போதுமா? தரம் என்றால் பொட்டேகா வெனெட்டாதான் என்று யாரோ சொன்னார்களே? அந்தக் காசுக்கு நாலைந்து கோச் பை வருமே? விடை தேடிப் போனால் இணையத்தில் ஒரு பிரமிடு படம் கிடைக்கும். உச்சியில் எர்மெஸ் தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் கீழ் ஷனெல், வியுட்டான், டியோர். அதற்கும் கீழ் குஸ்ஸி, பிராடா, சான் லோரான். அடித்தட்டில் கோச், மைக்கேல் கோர்ஸ்.

அந்தப் படம் பொய் இல்லை. ஆனால் அது எதை அளக்கிறது என்று படம் போட்டவர் சொல்வதில்லை. பெரும்பாலும் அது அந்தஸ்தை மட்டுமே அளக்கிறது. தோலும் தையலும் எப்படி என்று கேட்டால் வரிசை வேறு மாதிரி வரும். இரண்டு வரிசையும் எர்மெஸில் ஒன்றாக நிற்கின்றன. அதற்குக் கீழே வந்துவிட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போய்விடுகின்றன. விலை எப்போதும் அந்தஸ்து வரிசையின் பின்னால்தான் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்த வரிசைச் சண்டை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கோச்சின் தாய் நிறுவனமான டாபஸ்ட்ரி, மைக்கேல் கோர்ஸின் தாய் நிறுவனமான காப்ரியை வாங்கப் பார்த்தது. எட்டிப்பிடிக்கக்கூடிய ஆடம்பரம் என்று கைப்பையில் தனிச் சந்தையே உண்டு, அதில் இந்த இருவரும் சேர்ந்தால் போட்டி செத்துவிடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வாதாடியது. 2024 அக்டோபரில் நீதிபதி அதை ஏற்றுத் தடை விதித்தார். அடுத்த மாதமே பேரம் கைவிடப்பட்டது. ஆக, இந்தப் படிநிலை வெறும் அரட்டை இல்லை. வாங்குபவர், விற்பவர், நீதிபதி மூவரும் அதை நம்பித்தான் நடக்கிறார்கள்.

## முதலில் அளவுகோல்

யார் கண்ணில் படவேண்டும்? தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டுமா, விஷயம் தெரிந்த நாலு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா, யாருக்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லையா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். அந்தஸ்துக்காக வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காக வாங்கிவிட்டு "தரத்துக்காக வாங்கினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான் பின்னால் மனக்கசப்பில் முடிகிறது.

வேலைப்பாடு. இதைக் கடையில் நின்றபடியே பார்க்கலாம். பையைத் திறப்பதற்கு முன் கைப்பிடியின் விளிம்பைப் பாருங்கள். இரண்டு மூன்று அடுக்குத் தோலை ஒட்டிச் சேர்க்கும் இடம் அது. அங்கே சாயம் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். வேலை நன்றாக இருந்தால் அடுக்குகள் எங்கே சேர்ந்தன என்று நகத்தால் தடவினாலும் தெரியாது. அவசர வேலையில் ஒரே பூச்சு தடிமனாக உட்கார்ந்திருக்கும். கைப்பிடி வளையும் இடத்தில் முதலில் வெடித்து உரிவது அதுதான். அப்புறம் கொக்கியும் வளையமும்: கையில் கனமாக இருக்கும் பித்தளையா, முலாம் போனதும் சாம்பல் நிறம் காட்டும் துத்தநாகக் கலவையா? கடைசியாக உட்பக்கம். உள்ளே தோலோ நல்ல துணியோ இருந்தால் கவலையில்லை. பாலியூரித்தேன் பூச்சுள்ள லைனிங் என்றால், ஈரக்காற்றில் சில வருடத்தில் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கலாம்.

நேர்த்தியும் நீடிப்பும் ஒன்று என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆட்டுக்குட்டித் தோல் கைக்கு வெண்ணெயாக வழுக்கும், ஆனால் ஒரு நகக்கீறல் போதும். பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த கேன்வாஸ் பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் மழையோ வெயிலோ அதை ஒன்றும் செய்வதில்லை. தினமும் தூக்குகிற பையா, வருடத்தில் நாலு விசேஷத்துக்கு வெளியே வரும் பையா என்பதைப் பொறுத்து "தரமான பை" எது என்பதே மாறிவிடும்.

பழுது. பத்து வருடம் கழித்து ஜிப் போனால் நிறுவனம் எடுத்துக்கொள்ளுமா, எவ்வளவு கேட்கும்?

திரும்ப விற்றால். வாங்கின விலையில் எவ்வளவு கைக்கு வரும்?

விலைச்சீட்டில் இல்லாத செலவு. காப்பீடு, பராமரிப்பு, காத்திருப்பு. அதோடு, கீழே வைக்கப் பயந்து மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடும் அவஸ்தை.

| வழி | அந்தஸ்து | வேலைப்பாடு | திரும்ப விற்றால் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| எர்மெஸ் | உச்சம் | உச்சம் | பிர்கின், கெல்லி மாடல்களுக்கு மிக நன்று | காத்திருப்பு, கேட்காத பொருளும் வாங்குவது |
| ஷனெல், வியுட்டான், டியோர் | எல்லோருக்கும் தெரியும் | மாடலுக்கு மாடல் மாறும் | பிரபல மாடலுக்கு நன்று | விலையேற்றம், போலி |
| பொட்டேகா, லோயெவே, டெல்வோ | தெரிந்தவருக்கு மட்டும் | மிக நன்று | நட்டம்தான் | விற்க நினைத்தால் வலி |
| கோச், பொலேன், லாங்ஷாம் | சுமார் | விலைக்கு மேல் நன்று | எதிர்பார்க்க வேண்டாம் | அவுட்லெட் சரக்கு |
| பழைய பை | பெயரைப் பொறுத்தது | பல சமயம் புதியதைவிட நன்று | நட்டம் குறைவு | அசலா என்ற சந்தேகம், பழுது |

## எர்மெஸ்

1837-ல் பாரிஸில் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கியது. அந்தச் சேணத் தையல்தான் இன்றும் அதன் பலம். ஒரே மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி இருக்கும். ஒரே துளைக்குள் இடமிருந்து ஒரு ஊசியும் வலமிருந்து ஒரு ஊசியும் எதிரெதிராகப் போய் இழுபடும். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரு இடத்தில் அறுந்தால் அதை ஒட்டிய தையலும் தளரத் தொடங்கும். சேணத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி அசையாது. ஒரு பையை ஒரே கைவினைஞர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்கிறார். அவருடைய முத்திரையும் பையில் இருக்கும்.

அந்தஸ்து வேறு வழியில் வந்தது. மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி கர்ப்பமாக இருந்தபோது புகைப்படக்காரர்களிடமிருந்து வயிற்றை மறைக்கப் பிடித்த பை, 1977-ல் முறைப்படி அவர் பெயரையே பெற்றது. விமானத்தில் நடிகை ஜேன் பிர்கினின் பையிலிருந்து சாமான்கள் கொட்ட, பக்கத்து இருக்கையில் இருந்த எர்மெஸ் தலைவர் ஜான் லூயி துய்மா அவருக்காக வடிவமைத்தது 1984-ன் பிர்கின். அவருக்கென்று செய்த அந்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது.

பிர்கினும் கெல்லியும் வேண்டும் என்று கடைக்குள் நுழைந்தால் கிடைப்பது குதிரைக்கொம்புதான். கடையோடு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் என்பது நடைமுறையில் ஸ்கார்ஃப், செருப்பு, தட்டு, போர்வை என்று வாங்கிக்கொண்டே இருப்பது. இப்படி மற்றதை வாங்க வைப்பது சட்டவிரோதம் என்று 2024-ல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. பையின் விலைச்சீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். போர்வை உண்மையிலேயே உங்களுக்கு வேண்டுமென்றால் சரி. பைக்காகப் போர்வை வாங்கினால் போர்வையின் விலையும் பையின் விலைதான்.

ஏற்கெனவே அந்தக் கடையில் செலவழிக்கிற அளவு வசதி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது. மற்றவர்கள் எர்மெஸிலேயே குறைவாகப் பேசப்படும் எவலின் என்ற பையைப் பார்க்கலாம். தோல் அதே தரம், கழுத்தை நெரிக்கும் காத்திருப்பு இல்லை.

## ஷனெல், லூயி வியுட்டான், டியோர்

குழப்பம் முழுக்க இந்தத் தட்டில்தான். பெயர் ஊரறிந்தது, விலை ஏறிக்கொண்டே போகிறது, வேலைப்பாடு பற்றி ஆளுக்கொரு கருத்து.

ஷனெலை எடுத்துக்கொள்வோம். 1955 பிப்ரவரியில் வந்ததால் அந்தப் பைக்கு 2.55 என்றே பெயர். பெண்கள் பையைக் கையில் பிடித்தே ஆக வேண்டிய காலத்தில் தோளில் மாட்டச் சங்கிலி கொடுத்தது பெரிய விஷயம். இன்று எல்லோரும் கேட்கும் இரட்டை சி பூட்டு வைத்த கிளாசிக் பை, கார்ல் லாகர்ஃபெல்ட் 1983-ல் பொறுப்புக்கு வந்த பிறகு உருவானது. அதன் நடுத்தர அளவு அமெரிக்காவில் 2019-ல் சுமார் 5,800 டாலர். 2024-ல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து வருடத்தில் ஆட்டின் தோல் இரண்டு மடங்கு நன்றாகிவிட்டதா என்ன? ஏறியது பெயரின் விலைதான். எர்மெஸுக்குப் பக்கத்தில் தன்னை உட்கார வைத்துக்கொள்ள ஷனெல் பிடித்த வழி இது. 2008 வாக்கில் உலோகப் பாகங்களுக்கு 24 காரட் தங்க முலாம் பூசுவதும் நின்றுபோனது. பழைய ஷனெலைத் தேடி அலைகிறவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஷனெல்தான் வேண்டும் என்றால், ஆட்டுக்குட்டித் தோலா, கேவியர் எனப்படும் பொரிப்பொரியான கன்றுத்தோலா என்று கேட்பார்கள். அடிக்கடி எடுப்பதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேவியர் சொல்லிவிடுங்கள். ஆட்டுக்குட்டித் தோல் புகைப்படத்தில் அழகு, ஆனால் மூலைகள் சீக்கிரம் தேயும்.

லூயி வியுட்டானின் கதை நேர் எதிர். 1896-ல் போலிகளைத் தடுக்க நிறுவனரின் மகன் ஜார்ஜ் கொண்டுவந்த எல்வி முத்திரைத் துணிதான் இன்று உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் வடிவங்களில் ஒன்று. பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்: அந்தப் பழுப்புப் பை தோல் இல்லை. பூச்சுப் போட்ட கேன்வாஸ். தோல் இருப்பது கைப்பிடியிலும் ஓரங்களிலும் மட்டும். அதுவும் சாயம் போடாத இயற்கைத் தோல். புதிதில் வெளுத்த சந்தன நிறத்தில் இருக்கும். கை எண்ணெயும் வெயிலும் பட்டு மாதக்கணக்கில் மெல்லத் தேன் நிறமாகும். அதற்குள் ஒரு மழைத்துளி விழுந்தால் வட்டமாகக் கறை, அது போகாது. "இவ்வளவு விலைக்குத் துணியா" என்று கோபப்படுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தினசரி உபயோகம் என்று பார்த்தால் இந்தத் தட்டில் அதிகம் தாங்குவது இந்தத் துணிதான். 2007-ல் வந்த நெவர்ஃபுல் பையைக் கல்லூரிப் புத்தகம் முதல் குழந்தையின் டயப்பர் வரை திணித்து வருடக்கணக்கில் தூக்குகிறார்கள். வியுட்டான் தள்ளுபடி விற்பனை போடுவதில்லை என்பதால் பழைய பைக்கும் விலை நிற்கிறது.

டியோரில் லேடி டியோர் அழகான பை. இளவரசி டயானா கையில் பிடித்ததால் பெயர் பெற்றது. ஆனால் 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் ஒரு இத்தாலிய உற்பத்திப் பிரிவை நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தபோது ஒரு கணக்கு வெளியே வந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு பையைச் செய்து தர, துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது 53 யூரோ. தோல், வடிவமைப்பு, கடை வாடகை, விளம்பரம் எதுவும் அதில் சேரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படியும் அந்த எண் மனதை விட்டுப் போவதில்லை. அடுத்த ஆண்டு நிர்வாகக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. "இத்தாலியில் செய்தது" என்ற முத்திரையை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தத் தட்டு யாருக்குச் சரி? பத்துப் பேர் கூடும் இடத்தில் பத்துப் பேருக்கும் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் விற்று ஓரளவு காசாக்கவும் வேண்டும் என்பவருக்கு. அவரும் புகழ்பெற்ற மாடலை, கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் வாங்குவதுதான் உத்தமம். அந்த சீசனுக்கு மட்டும் வந்த ரோஜா நிறப் பைக்கு மறுவிற்பனையில் மவுசு சீக்கிரம் போய்விடும்.

குஸ்ஸியும் பிராடாவும் இதற்கு ஒரு படி கீழே என்பார்கள். பிராடாவின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது 1984-ன் நைலான் பை என்பதால், "தோல் எவ்வளவு, பெயர் எவ்வளவு" என்ற கேள்வியை அங்கே கேட்பதில் அர்த்தமில்லை. கேட்காமலேயே பதில் தெரிகிறது. பிராடாவின் குறுக்குக்கோடு அச்சிட்ட சாஃபியானோ தோலைச் சிலர் "அச்சடித்தது" என்று ஒதுக்குவார்கள். கீறல் விழாத பை வேண்டுமானால் அதையே எடுங்கள்.

## பொட்டேகா வெனெட்டா, லோயெவே, டெல்வோ

அந்தஸ்துப் பிரமிடில் இவை நடுவில் எங்கேயோ நிற்கும், டெல்வோ பல படங்களில் இருக்கவே இருக்காது. தோலை மட்டும் வைத்து வரிசை போட்டால் எர்மெஸுக்கு அடுத்து நான் வைப்பது இவர்களைத்தான்.

டெல்வோ 1829-ல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கியது, பெல்ஜியம் தனி நாடாவதற்கு ஒரு வருடம் முன்பு. பெல்ஜிய அரச குடும்பத்துக்குப் பை கொடுப்பவர்கள். அவர்களுடைய பிரியான் பை 1958 உலகக் கண்காட்சிக்காக வடிவமைத்தது. லோயெவே 1846-ல் மாட்ரிட்டில் பிறந்தது. அதன் பசில் பை, வெட்டிய தோல் துண்டுகளை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துத் தைத்தது. கீழே வைத்தால் தட்டையாக மடங்கும். பொட்டேகா 1966-ல் இத்தாலியின் விச்சென்சா அருகே தொடங்கியது. தோல் பட்டைகளை ஊடும் பாவுமாகப் பின்னுவதுதான் அதன் அடையாளம். வெளியே லோகோவே கிடையாது. "உங்கள் முதலெழுத்துகளே போதும்" என்று ஒரு காலத்தில் விளம்பரமே செய்தார்கள். 2022-ல் முக்கியமான பைகளுக்கு ஆயுள் முழுக்கப் பழுது பார்த்துத் தருவதாகச் சான்றிதழும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

விஷயம் தெரிந்தவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார், தெரியாதவருக்கு அது வெறும் பை. அந்த அமைதிதான் சிலருக்குப் பெரிய கெத்து. ஆனால் விற்கப் போனால் தெரியும் சேதி. பெயர் தெரியாத பைக்கு வாங்குபவர் குறைவு, விலை மளமளவென்று இறங்கும். பையை விற்கவே போவதில்லை, பத்து வருடம் தூக்கப் போகிறேன் என்பவருக்கு இந்த நட்டம் காகிதத்தில் மட்டும்தான். என் ஓட்டு இங்கேதான்.

## கோச், பொலேன், லாங்ஷாம்

கோச் 1941 முதல் நியூயார்க்கில் இருக்கிறது. பேஸ்பால் கையுறைத் தோலைப் பார்த்து வந்த யோசனையில் தயாரான அதன் பழைய பைகள் இன்றும் தேய்ந்து தேய்ந்து அழகாகின்றன. 2016-ல் தொடங்கிய பொலேன், பாரிஸ் பெயரை வைத்துக்கொண்டு ஸ்பெயினின் உப்ரிக்கேயில் தைக்கிறது. பெரிய பெயர்கள் பலவற்றுக்கும் தோல் வேலை நடக்கும் ஊர் அது. லாங்ஷாமின் மடக்கு நைலான் பை 1993 முதல் உலகமெங்கும் தூக்கப்படுகிறது. அந்தஸ்தும் வேண்டாம், முதலீடும் வேண்டாம், நல்ல பை போதும் என்றால் தேடலை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும்: அவுட்லெட் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கோச் பையில் பெரும்பகுதி, விற்காமல் மிஞ்சிய ஷோரூம் சரக்கு இல்லை. அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தயாரித்தது. தள்ளுபடி என்று நினைத்து வாங்குவது பல சமயம் வேறு பை.

## பழைய பை

பணம் நடுத்தரம், ஆசை உச்சம் என்றால் செகண்ட் ஹேண்ட் சந்தைதான் வழி. புதுப் பையின் முதல் நட்டத்தை வேறு ஒருவர் ஏற்கெனவே தாங்கிவிட்டார். பொட்டேகாவையும் லோயெவேயையும் இங்கே வாங்குவது கெட்டிக்காரத்தனம், ஏனென்றால் விலை அதிகம் இறங்குவது அவைதான். வியுட்டான் துணிப் பையும் நல்ல தேர்வு. பிர்கினை மட்டும் மலிவு என்று நினைத்து இங்கே தேடாதீர்கள். கடை விலையைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள், காத்திருக்காமல் கிடைப்பதற்கான கூலி அது.

போலிதான் பெரிய தலைவலி. ஷனெலும் வியுட்டானும் 2021-லிருந்து உள்ளே ஒட்டும் எண், தேதிக் குறியீடு இவற்றை விட்டுவிட்டு மைக்ரோசிப்புக்கு மாறிவிட்டார்கள். அதற்கு முந்தைய பையில் எண் பொருந்துகிறது என்பது மட்டும் அசல் என்பதற்கு ஆதாரம் ஆகாது. போலி செய்கிறவருக்கும் அந்த எண் தெரியும். அசல் இல்லையென்றால் பணம் திரும்பத் தருவோம் என்று எழுத்தில் கொடுக்கும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். புகைப்படம் கேட்கும்போது முன்பக்கம் வேண்டாம், அதை எல்லோரும் அழகாகத்தான் எடுத்து அனுப்புவார்கள். நான்கு கீழ் மூலைகள், கைப்பிடி பையோடு சேரும் இடம், உள் பாக்கெட்டின் அடிப்பகுதி இவற்றைக் கிட்டத்தில் கேளுங்கள். பாக்கெட்டுக்குள் விரலை விட்டால் ஒட்டுகிறதா என்று எழுதிக் கேட்டாலே சில விற்பனையாளர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

வெளியில் எங்காவது கொடுத்து விளிம்புச் சாயமோ வாரோ மாற்றிய பையா என்றும் கேட்டுவிடுங்கள். வெளியார் கை பட்ட பையைப் பல பிராண்டுகள் பழுதுக்கே எடுத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட பை பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், பத்து சதவீதக் கழிவுக்கு வேண்டாம்.